கழுவிய மண்ணும் கெட்ட கேணியும்

முரளி,

"அந்தக் கறுப்பு எங்க போச்சு டீச்சர்?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கேலி செய்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உன் அப்பாவை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. எழுபதுகளின் நடுவில், புதுப்பட்டினம் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில், "அம்மா, சோதனைத் தொட்டி நாலுலயும் மண்ணு வெளுத்துடுச்சு" என்றாய். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் தார் பிசைந்ததுபோல் மண், இன்னொன்றில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளை மணல். அடுத்த வாரம் நீ புறப்படுகிறாய். பழைய எண்ணெய்க் கிடங்கு இருந்த நிலத்தைக் கழுவிச் சுத்தமாக்கும் வேலை, முதல்முறையாக உன் பொறுப்பில். நான் "நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னேன். என் குரலில் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று கேட்டாய். மாத்திரையெல்லாம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வெள்ளை மணலை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதுதான் காரணம். அதைப் பற்றி உனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்ட ஆண்டுகளை நினைத்தால் நடந்ததைவிட அதற்குத்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது.

புதுப்பட்டினத்திலிருந்து மகாபலிபுரம் போகும் வழியில் கடலோரமாக ஒரு குப்பம் இருந்தது. பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும். ஆண்கள் கட்டுமரத்தில் போவார்கள். பெண்கள் மீனை விற்பார்கள், விற்காததை மணலில் பரப்பிக் கருவாடாக்குவார்கள். அவர்கள் கருவாடு காயவைத்த களம் ஊருக்கு மேற்கே, கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது. கல்பாக்கம் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டட வேலை நடந்த காலம் அது. ஜல்லி லாரிகள் வைத்திருந்த ஒருவர் அந்த மேட்டில் கொட்டகை போட்டு லாரிகளைப் பழுது பார்த்தார். இரண்டு மூன்று வருஷம் அங்கே டீசலும் கழிவு எண்ணெயும் சிந்தின. பிறகு கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். புறம்போக்கு நிலம், திரும்பக் கிடைத்ததே என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் மணல் கறுத்துக் கிடந்தது. மேலே புது மணல் கொட்டிப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற எண்ணெய் மேலே கசிந்து வந்தது.

எனக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பவள் கன்னியம்மா. அவள் மகள் என் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் கூடையை என் வாசலில் இறக்கிவைத்து, "மோந்து பாரு டீச்சர், இன்னா வாசனைன்னு சொல்லு" என்றாள். நெத்திலியில் டீசல் வாடை அடித்தது. திருக்கழுக்குன்றம் சந்தையில் கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "லாரிக்குப் போடற கருவாடான்னு கேக்கறானுங்க. கடலோரமா பரப்பலாம்னா அலை வந்து வாரிகினு போவுது. எங்களுக்கு அந்த மேடு வோணும். நீதான் புள்ளைங்களுக்கு எல்லாத்தயும் கரைச்சிக் காட்டறியாமே, இதக் கரைக்க முடியாதா?"

முடியும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்த வாரம்தான் வகுப்பில் சோப்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். நீ இப்போது சர்ஃபாக்டன்ட் என்று சொல்வதை நான் பிள்ளைகளுக்கு ஒரு கல்யாண வீட்டை வைத்து விளக்குவேன். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முகம் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். இரண்டு பக்கமும் உறவான ஒருத்தி வருகிறாள். ஒரு கையால் இவர்களைப் பிடிக்கிறாள், மறு கையால் அவர்களை. சோப்பும் அப்படித்தான். ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறு முனை எண்ணெயைப் பிடிக்கும். சோப்பு போதுமான அளவு இருந்தால் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளிகளாகச் சூழ்ந்துகொண்டு, மணலிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு கூட்டிக்கொண்டு போய்விடும். நல்ல உதாரணம்தான், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். கூட்டிக்கொண்டு எங்கே போகும் என்பதை மட்டும் நான் அதில் சொல்வதில்லை.

பள்ளியிலிருந்து ஒரு புனலும் சீசாவும் எடுத்துப் போனேன். அந்தக் கறுப்பு மணலில் ஒரு பிடி அள்ளிப் புனலில் போட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். கீழே சீசாவில் காப்பி நிறத்தில் இறங்கியது, மேலே மணல் வெளுத்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த மணலைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்கள். பிறகு தரையிலேயே ஒரு பாய் அளவு இடத்தை நனைத்துக் கிளறி, மேலும் மேலும் தண்ணீர் விட்டுக் காட்டினேன். அதுவும் வெளுத்தது. அப்போதுதான் கன்னியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"உங்க வீட்டுச் சட்டியைக் கழுவினா அழுக்கு எங்க போகுது? அங்கதான் இதுவும் போகுது" என்றேன்.

"சட்டிக்கு அடி கீது டீச்சர். கவுத்துக் கொட்டறோம். இதுக்கு அடி எங்க கீது?"

"அடி பாதாளத்துல இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து நீயே பாடம் எடு கன்னியம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். "போய்ட்டு வா, போய்ட்டு வா, வரசொல்ல எனக்கும் ஒரு சட்டி வாங்கியா" என்று ஒருத்தி சொன்னாள். கன்னியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண் என் சோதனையில் இருந்த ஒரே ஓட்டையில் விரலை வைத்திருக்கிறாள். என் கையிலேயே சீசா இருந்தது, அதற்குள் அந்தக் கறுப்பு இருந்தது. தரைக்குக் கீழே அப்படி ஒரு சீசா இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. முரளி, எனக்குத் தெரியாமல் போனது பெரிய தப்பு இல்லை. அவள் கேட்டதைக் கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் தப்பு.

தை மாதம், மழை முடிந்து கேணி நிரம்பியிருந்தது. அந்த ஊருக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர். மேட்டுக்குக் கிழக்கே, சரிவு முடிகிற இடத்தில், பன்னிரண்டு அடியில் தண்ணீர் கிடைக்கும் உறைகிணறு. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் உப்பு. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்பதைத்தான் அவர்கள் குடித்தார்கள். அந்தக் கேணிக்குக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்தில் யாரும் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மீன் கூடையை இறக்கிவைக்கக்கூடக் கூடாது. மணல் கழுவுவதற்குக் கடல் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் ஊர்ப் பெரியவர் எல்லப்பன் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தம்ளர் கடல் தண்ணீரில் சோப்பைக் கலக்கி, அது பால் திரிந்த மாதிரி திரிவதைக் காட்டினேன். நல்ல தண்ணீர்தான் வேண்டும், கேணியிலிருந்துதான் இறைக்க வேண்டும் என்றேன். படித்தவள் சொல்கிறாள் என்று ஊர் தன் கட்டுப்பாட்டை எனக்காகத் தளர்த்தியது.

இறைப்பதற்கு அந்த ஊர்ப் பாளையம் என்பவன் தன் ஆயில் இன்ஜினைக் கொடுத்தான். முப்பது வயதுக்காரன். கட்டுமரத்தில் போகாத நாட்களில் சவுக்குத் தோப்புகளுக்கு அந்த இன்ஜினைக் கொண்டுபோய்த் தண்ணீர் இறைத்துக்கொடுப்பான். பழைய இன்ஜின்தான், ஆனால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பான். "பாளையத்துக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ வூட்டுல கீறா, எளையவளத்தான் தூக்கிகினு திரியறான்" என்று பெண்கள் அவன் மனைவி காதுபடவே சொல்வார்கள். கேணி ஓரம் இன்ஜினை இறக்கியபோது, அதன் அடியில் பழைய தகரத் தட்டு ஒன்றை வைத்தான், அதற்குமேல் சாக்கு விரித்தான். எதற்கு என்று கேட்டேன். "குடிக்கிற தண்ணி டீச்சர். ஒரு சொட்டு வுழுந்தாலும் எங்க ஆயா என்னைத் தொரத்திகினு வரும்" என்றான். மாலையில் அந்தத் தட்டை எடுத்துப் பார்ப்பான், நான்கைந்து சொட்டு இருக்கும், அதைத் துணியில் ஒற்றி எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய் எரிப்பான். அவன் அடியில் தட்டு வைத்திருந்தான், முரளி. நான் வைக்கவில்லை.

நான்கு நாள் வேலை. லாரிக்காரரின் மேஸ்திரி, தொல்லை விட்டால் போதும் என்று இரண்டு பெட்டி பார் சோப்பு அனுப்பினான். பெண்கள் மீன் அரிகிற அரிவாள்மணையில் சோப்பைச் சீவித் தள்ளினார்கள், அண்டாவில் காய்ச்சினோம், கேணித் தண்ணீரில் கலந்து மேடு முழுவதும் ஊற்றினோம். ஊற்றிக் கிளறி, மறுபடி வெறும் தண்ணீர் விட்டோம். தண்ணீர் நிற்கவே இல்லை, மணல் குடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். எவ்வளவு சுலபமாக இறங்குகிறது பாருங்கள் என்றேன். நீ இந்த வேலையைப் படித்தவன், இந்த இடத்தில் உனக்கே புரிந்திருக்கும். மேட்டில் ஊற்றுகிறோம், சரிவில் இருக்கும் கேணியிலிருந்து இறைக்கிறோம். எண்ணெயைக் கீழே தள்ளியதோடு நிற்காமல், இன்ஜின் வைத்து அதைக் கேணிப் பக்கமாக நான் உறிஞ்சி வரவழைத்திருக்கிறேன். சோப்பு இல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கறுப்பு மணலோடு ஒட்டிக்கொண்டு ஒரு தலைமுறைகூட அங்கேயே கிடந்திருக்கும். அதற்குக் கால் முளைக்க வைத்தவள் நான்.

ஐந்தாம் நாள் பெண்கள் நெத்திலி பரப்பினார்கள். வெள்ளை மேட்டில் வெள்ளி கொட்டியதுபோல் இருந்தது. எனக்கு ஒரு கூடை வஞ்சிரம் வந்தது. பள்ளியில் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். செங்கல்பட்டில் மாவட்ட அறிவியல் கண்காட்சி வரப்போகிறது, "மண்ணைக் கழுவும் முறை" என்று நம் பள்ளி சார்பில் நீங்களே வையுங்கள் என்றார். படங்கள் வரைந்து அட்டையில் ஒட்டினேன். கறுப்பு மணலும் வெள்ளை மணலும் இரண்டு சீசாக்களில் அடைத்தேன். கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கும்போது கன்னியம்மாவின் மகள் வகுப்பில் எழுந்து, "டீச்சர், எங்கூர்ல தண்ணி நாறுது. உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை. கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நடுவில் ஒரு வாளித் தண்ணீர். மேலே எண்ணெய் மினுக்கம், வானவில் மாதிரி நெளிந்தது. எல்லப்பன் எனக்கு மட்டும் ஸ்டூல் போடச் சொன்னார். "நீங்க படிச்சவங்க. மோந்து பாத்து இன்னான்னு சொல்லுங்க" என்றார். குனிந்து மோந்தேன். டீசல்தான். பிறகு, வகுப்பில் செய்கிற பழக்கத்தில், கையை விட்டுத் தண்ணீரைக் கலக்கினேன். நுரை வந்தது. ஓரமாகச் சின்ன நுரை, வந்து நின்றது. டீசல் நுரைக்காது. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேடு, சோப்பு, சரிவு, இன்ஜின், கேணி எல்லாம் ஒரே கோடாகத் தெரிந்தது. கரும்பலகையில் எழுதிப்போட்ட சமன்பாட்டைவிடத் தெளிவாக இருந்தது.

"டீசல்தான்" என்றேன்.

"அப்போ இன்ஜின்லேர்ந்து எறங்கியிருக்குமா?" என்று எல்லப்பன் கேட்டார்.

"இருக்கலாம்."

அந்த ஒரு சொல்தான், முரளி. அதை நான் பொய் என்றுகூட அப்போது எண்ணிக்கொள்ளவில்லை. இருக்கலாம் என்றுதானே சொன்னேன், இருக்கிறது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். பாளையம் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தான். "என் இன்ஜின் ஒழுவல நைனா. நான் அடில தட்டு வெச்சிருந்தேன். டீச்சரே பாத்தாங்க. சொல்லு டீச்சர்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தட்டு இருந்துச்சு. ராத்திரி சாஞ்சுதா, காத்துல நகர்ந்துச்சா, எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். எனக்கு மறதியோ என்று நினைத்தவன்போல நினைவுபடுத்தப் பார்த்தான். "சாயந்தரமா எடுத்துக் காட்டினேனே டீச்சர், ஒத்தி எடுத்தேனே" என்றான். நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மா விடவில்லை. "நொரை இன்னாத்துக்கு வருது? டீசல்ல நொரை வருமா?" என்றாள். "யாராவது துணி துவைச்சிருப்பாங்க" என்றேன். கூட்டத்தில் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "எங்க பொம்பளைங்க கேணியாண்ட துவைக்க மாட்டாளுங்க டீச்சர். அது உனக்குத் தெரியும்" என்றாள். எல்லப்பன் அவளை உட்காரச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் பாளையத்தின் இன்ஜினையும் அந்த ஊர்ப் பெண்களின் பேரையும் கெடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன்.

ஊர் கட்டு வைத்தது. பாளையம் இன்ஜினை ஊரைவிட்டு எடுத்துவிட வேண்டும், அடுத்த தை வரைக்கும் யாரும் அவனைக் கட்டுமரத்தில் ஏற்றக் கூடாது. கடல்புறத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். வயலில்லாதவனுக்கு, படிப்பில்லாதவனுக்குக் கடலும் இல்லை என்று சொல்லிவிடுவது. இரண்டு மாதம் சவுக்குத் தோப்பில் கூலிக்குப் போனான். பிறகு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பெண்கள் அந்தக் கோடை முழுவதும் அடுத்த ஊர்க் கேணிக்கு நடந்தார்கள், தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கருவாடு காயவைக்க வெள்ளையான மேடு இருந்தது, மீனைப் புரட்டிப் போடத்தான் யாருக்கும் நேரமில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்துதான் அந்தக் கேணித் தண்ணீரை மறுபடி வாயில் வைத்தார்கள். நான் செங்கல்பட்டுக் கண்காட்சிக்குப் போனேன். என் சீசாக்களைப் பார்க்கக் கூட்டம் நின்றது, ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். நம் வீட்டுக் கூடத்தில் சின்ன வயதில் நீ பார்த்திருக்கிறாயே, சட்டம் போட்ட ஒரு காகிதம், அதுதான். நீ பள்ளியில் சேர்ந்த வருஷம் அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் போட்டேன். கரையான் அரித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் பொய்.

ஒருமுறை சரிசெய்யப் பார்த்தேன். உனக்கு ஏழு வயது. உன்னை உன் அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் காசிமேட்டுக்குப் போய் விசாரித்தேன். பாளையத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, படகு இன்ஜின் பழுதுபார்ப்பதில் அங்கே அவனுக்கு நல்ல பேர். கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். "எங்கூர் டீச்சர்டா" என்று கூட இருந்தவர்களிடம் சொன்னான். சோடா வாங்கிவரச் செய்தான். துடைத்த ஸ்டூல் ஒன்றை, துடைத்தது போதாதென்று தன் துண்டை விரித்து, எனக்குப் போட்டான். பெரியவள் பத்தாவது படிக்கிறாள், கெமிஸ்ட்ரிதான் வரமாட்டேன் என்கிறது, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா என்றான். ஊரைப் பற்றி, கேணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கியா பாளையம்" என்றுதான் வந்தது. அவன் கோபித்திருந்தால் சொல்லியிருப்பேன். அவன் மரியாதை கொடுத்ததும், அந்த மரியாதையை என் கையாலேயே உடைக்க எனக்கு மனம் வரவில்லை. சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்றிரவு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடு, உன்மேல யாரும் பழி போடலையே" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது.

எட்டாம் வகுப்பில் நீ ஆய்வகத்தில் வெப்பமானியை உடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிற பையன்மேல் பழி போட்டாய். எனக்குச் செய்தி வந்ததும், வீட்டுக்கு வந்து உன்னைப் பிரம்பால் அடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் உன்னை அடித்ததில்லை. "இன்னொருத்தன் மேல போடறியா, இன்னொருத்தன் மேல போடறியா" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். நீ பயந்து அப்பா பின்னால் ஒளிந்துகொண்டாய். அப்பா என் கையைப் பிடித்து, உனக்குக் கேட்காமல், "நீ யாரை அடிக்கற?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலை நீ இவ்வளவு வருஷம் கழித்து இந்தக் கடிதத்தில்தான் படிக்கிறாய். அந்த அடிகளுக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பாளையம் போன ஐப்பசியில் இறந்துபோனான். கன்னியம்மாவின் மகள் இப்போது அணுபுரம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அவள்தான் சொன்னாள். கடைசிவரை தன் ஊர்த் திருவிழாவுக்கு அவன் போகவில்லையாம். கேணியைக் கெடுத்தவன் என்று யாராவது ஒரு கிழவன் சொல்லிவிடுவானோ என்று பயமாம். அவன் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் அதே பேர்தான் இருக்கிறது. "ஆயில் பாளையம் வூடு" என்று அவர்களைச் சொல்கிறார்களாம். அவனிடம் சொல்லும் வாய்ப்பை நான் தொலைத்துவிட்டேன். அதனால்தான் இதை உனக்கு மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊரைக் கூட்டி வைத்துத்தான் அவன்மேல் பழி போட்டேன். இரண்டு பேருக்கு நடுவில் மெதுவாகச் சொல்லி அதை எடுத்துவிட முடியாது. இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கன்னியம்மாவின் மகளிடம் கொடுத்து, கோயில் முன்னால் ஒரு நாள் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் தயங்கினாள். "வேணாம் டீச்சர், உங்க பேர் கெட்டுடும்" என்றாள். அதற்காகத்தான் என்றேன். அவள் வாசிக்க வசதியாக, ஒரு பத்தியில் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கேணியைக் கெடுத்தது பாளையம் இல்லை. அவன் இன்ஜினிலிருந்து ஒரு சொட்டும் கேணியில் விழவில்லை. கேணி ஓரத்தில் எந்தப் பெண்ணும் துணி துவைக்கவில்லை. மேட்டு மணலை நான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அந்த எண்ணெய்தான் சோப்போடு இறங்கிக் கேணிக்கு வந்தது. வாளியில் நுரையைப் பார்த்ததும் எனக்கு இது தெரியும். தெரிந்தே மறைத்தேன்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். நீ என்னைப்போல் அரைகுறை இல்லை என்று எனக்குத் தெரியும். கழுவிய தண்ணீரை மறுபடி மேலே இழுத்துப் பிடிக்க பம்பு வைத்திருக்கிறீர்கள், சுற்றிலும் சோதனைக் கிணறு தோண்டியிருக்கிறீர்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் பரிசோதனைக்குப் போகிறது, என்னென்ன எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு இருக்கிறது. "அடி இருக்கும்மா, கவலைப்படாதே" என்று நீ சொல்லலாம். நம்புகிறேன். என் கவலை அதில் இல்லை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒருநாள் யாரோ ஒருத்தர் வாளியோடு உன் முன்னால் வந்து நிற்கக்கூடும். அன்று உனக்குப் பதவி உயர்வு வரவிருக்கலாம், மேலதிகாரி பக்கத்தில் நிற்கலாம், பழியைப் போட வசதியாக ஓர் ஏழையின் இன்ஜினும் அருகில் இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல் நாக்கில் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வந்து உதவும் என்று நேர்மையை நம்பி இருக்காதே. நானும் நேர்மையானவள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கும்போதே தப்பிக்கிற வழியை அடைத்து வைத்துவிடு.

அதனால் போய் இறங்கிய அன்றே, வேலை தொடங்கும் முன், உன் நிலத்திலிருந்து தண்ணீர் சரிகிற பக்கத்தில் இருக்கும் முதல் வீட்டுக்கு நடந்து போ. யார் கதவைத் திறந்தாலும் உன் பேரைச் சொல்லி, "உங்க தண்ணி மாறினா, வேற யாரையும் கேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளுங்க" என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா.

அம்மா